ஓடுபாதைகளும் ஊர்களும்: இரண்டாம் உலகப்போர்க் கால ஈழத்து விமானத்தளங்கள்

1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு தினத்தன்று, கொழும்பு மாநகர் யப்பானிய விமானங்களின் தாக்குதலுக்குள்ளாயிற்று. இந்நிகழ்ச்சி பற்றி எழுதியோர் பலர். எத்தனை விமானங்கள் வந்தன, எத்தனை வீழ்ந்தன, எந்தெந்தக் கப்பல்கள் மூழ்கின என்னும் கணக்குகளெல்லாம் மிக நுணுக்கமாக ஆராயப்பட்டுள்ளன. ஆனால் அவ்விமானங்கள் மேலெழுந்த நிலம் யாருடையது, அது எவ்வாறு பெறப்பட்டது, போர் ஓய்ந்தபின் யார் கைக்குப் போயிற்று என்னும் வினாக்கள் அத்துணை அக்கறையுடன் எழுப்பப்பட்டில. போரின் கணக்கு நான்காண்டுக்குள் முடிந்துவிட்டது. நிலத்தின் கணக்கோ அதன்பின்னரும் நெடுங்காலம் தொடர்ந்தது.

பொரளைச் சந்தியிலிருந்து நடந்தே அடையக்கூடிய தொலைவில், கறுவாத்தோட்டத்தின் நடுவே, பல்கலைக்கழகக் கட்டிடங்களை அடுத்து ஒரு பெருந்திடல் உண்டு. 1893இல் குதிரைப் பந்தயத்துக்கென அமைக்கப்பட்ட இத்திடலில் 1942இல் ஹரிக்கேன் போர்விமானங்கள் நின்றன. இன்று அவ்வழியே போவோருக்கு இதனை நினைவூட்டும் அடையாளம் எதுவும் எளிதிற் புலப்படுவதில்லை. இலங்கையின் போர்க்கால விமானத்தளங்களின் வரலாற்றை இத்திடலிலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும்.

போருக்கு முன்னர் இலங்கை வான்வழிகளின் ஓரத்திலேயே கிடந்தது. இரத்மலானையிற் கொழும்புக்கான விமான நிலையம் ஒன்று வேண்டுமென 1934இல் அரசாங்கசபை தீர்மானித்தது. 1935 நவம்பர் 27இல், சென்னைப் பறத்தற் கழகத்தின் தலைமைப் பயிற்றுநரான டின்டேல் பிஸ்கோ செலுத்தி வந்த சிறு விமானமே அங்கு முதலில் இறங்கியது. 1938இல் ராட்டா நிறுவனத்தின் தபால் விமானங்கள் சென்னை வழியாகக் கராச்சியோடு கொழும்பை இணைத்தன. எனினும் இது ஒரு கிளைவழியே. இலண்டனிலிருந்து அவுஸ்திரேலியாவுக்குச் செல்லும் பேரரசின் தலைவழி கராச்சி, கல்கத்தா, இரங்கூன், சிங்கப்பூர் என வடக்கே சென்றது. திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த சீனன்குடாவில் இருந்த படைத்தளமும் கடற்படையின் தேவைக்கெனவே பேணப்பட்டது. இலங்கைக்கு ஆபத்து வருமாயின் அது சிங்கப்பூரைக் கடந்தே வரவேண்டும், சிங்கப்பூரோ வீழாது என்பதே அக்கால ஆட்சியாளரின் நம்பிக்கை.

1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் மாதத்தில் இரங்கூனும் யப்பானியர் வசமாயிற்று. இதனால் இருவகை விளைவுகள் நேர்ந்தன. ஒன்று, இலங்கை ஒரே மாதத்தில் போர்முனையாயிற்று. மற்றையது, பிரித்தானியாவையும் அவுஸ்திரேலியாவையும் இணைத்த வான்வழி அறுந்தது. பின்னைய நான்காண்டுகளில் இத்தீவில் தோன்றிய விமானத்தளங்களுட் பெரும்பாலானவை இவ்விரு விளைவுகளுள் ஏதோவொன்றுக்கு விடையாக அமைந்தனவே.

மார்ச் மாதத் தொடக்கத்தில் கடற்படைத் தளபதி சேர் ஜெப்ரி லேற்றன் இலங்கையின் பிரதம படைத்தளபதியாக நியமிக்கப்பெற்றார். தேசாதிபதி சேர் அன்ட்ரூ கல்டிகொட்டுக்கும் மேலான அதிகாரம் அவருக்கு வழங்கப்பட்டது. சிவில் நிருவாகத்தின் வழமையான கோப்புகளும் ஆட்சேபனைகளும் இனி ஒரு காணியைப் பெறுவதற்குத் தடையாக நில்லா என்பதே இதன் நடைமுறைப் பொருள். அதே வாரத்தில் ‘இன்டோமிற்றபிள்’ என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து இரு ஹரிக்கேன் படைப்பிரிவுகள் பறந்துவந்து இலங்கையில் இறங்கின. அவற்றுள் 30ஆவது பிரிவு இரத்மலானையிலும் 261ஆவது பிரிவு சீனன்குடாவிலும் நிலைகொண்டன. மார்ச் இறுதியில் 258ஆவது பிரிவு கொழும்பிலேயே மீள அமைக்கப்பட்டது. அதனை நிறுத்துவதற்கு இரத்மலானையில் இடம் போதாது. போதுமாயினும், எல்லா விமானங்களையும் ஒரே தளத்தில் வைப்பது அறிவுடைமையுமன்று.

பந்தயத்திடல் தெரிந்தெடுக்கப்பட்டமைக்குக் காரணம் எளிது. அது சமநிலம், மரங்களற்றது, நீர் வடிவதற்கு ஏற்கெனவே வழிசெய்யப்பட்டது, நகரின் நடுவே நல்ல வீதிகளால் இணைக்கப்பட்டது. ஒரு கிராமத்தைக் கலைக்க வேண்டிய தேவை அங்கு எழவில்லை. அயலிலிருந்த ரோயல் கல்லூரிக் கட்டிடங்களையும் இராணுவம் எடுத்துக்கொண்டமையால் மாணவர் வேறிடங்களிற் கற்க வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் நடுவே, அவ்வாண்டு யூலை முதலாந் திகதி, ஓடுபாதைக்கு அயலிலேயே இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது என்பதை இச்சந்தர்ப்பத்தில் நினைவுகூரலாம்.

ஏப்ரல் 4ஆந் திகதி மாலை, தென்கரையிலுள்ள கொக்கலையிலிருந்து சென்ற கற்றலீனா நீர்விமானமொன்று, இலங்கைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 350 மைல் தூரத்தில் யப்பானியக் கடற்படையைக் கண்டது. அதனைச் செலுத்தியவர் கனடியப் படையினரான லெனாட் பேர்ச்சல். செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கையிலேயே விமானம் சுட்டுவீழ்த்தப்பட்டது. உயிர்தப்பியோர் கைதிகளாயினர். எனினும் எச்சரிக்கை கொழும்பை அடைந்துவிட்டது. துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பல அன்றிரவே வெளியேறின.

இவ்வாறு முதனாளே வந்த செய்தி மறுநாட்காலை பயன்படாமற் போனமை வியப்புக்குரியது. நகுமோவின் தலைமையில் வந்த கடற்படையின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து புறப்பட்ட ஏறக்குறைய 125 விமானங்கள், காலை எட்டு மணிக்குச் சற்று முன்னதாகக் கொழும்புக்கு மேலே தோன்றின. றேடார் நிலையத்திலிருந்து எவ்வித எச்சரிக்கையும் வந்திலது. இரத்மலானையிலிருந்த விமானிகள் பகைவரைத் தம் தலைக்கு மேலே கண்ட பின்னரே ஓடத் தொடங்கினர். தரையிலிருந்து எழும் விமானம் போதிய உயரமும் வேகமும் பெறும்வரை வேட்டைக்கு அகப்பட்ட பறவை போன்றதே. 30ஆவது பிரிவு பேரிழப்பை எய்தியது. சீனன்குடாவிலிருந்து குண்டுகளுடன் வந்துகொண்டிருந்த ஆறு சுவோட்பிஷ் விமானங்களும் இரத்மலானைக்கு அண்மையில் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன.

பந்தயத்திடல் ஒரு விமானத்தளமாக மாறியிருந்ததை யப்பானியர் அறிந்திருக்கவில்லை. எனவே 258ஆவது பிரிவின் 14 ஹரிக்கேன்களும் தடையின்றி எழுந்தன. துறைமுகத்தைத் தாக்கிக்கொண்டிருந்த குண்டுவீச்சு விமானங்கள்மேற் பாய்ந்தன. ஆயினும் யப்பானியரின் சீரோ விமானங்களுக்கு முன்னர் அவற்றால் நின்றுபிடிக்க இயலவில்லை. அவற்றுள் ஒன்பது இழக்கப்பட்டன. விமானிகள் ஐவர் மாண்டனர். மறைந்திருந்த ஓடுபாதை விமானங்களைத் தரையிற் காத்ததேயன்றி வானிற் காக்கவில்லை. அன்று யப்பானியர் இழந்த விமானங்கள் ஏழே. பிரித்தானியர் அக்காலத்தில் வெளியிட்ட எண்ணிக்கையோ இதனினும் பன்மடங்கு பெரிது. வெற்றிச் செய்திகளை வாசிக்கும் மாணவர் இவ்வேறுபாட்டை மனங்கொள்ளுதல் நன்று.

அங்கொடை மனநோய் மருத்துவமனையிலும் குண்டுகள் வீழ்ந்தன. அடுத்த சில நாட்களிற் கொழும்பு வெறிச்சோடியது. கொட்டாஞ்சேனை, பொரளை, வெள்ளவத்தை எங்கணும் வீடுகள் பூட்டப்பட்டன. யாழ்ப்பாணம் செல்லும் புகைவண்டிகளிலும் தலைமன்னார் வழியாக இந்தியா செல்லும் வண்டிகளிலும் மக்கள் நெருங்கியடித்து ஏறினர். துறைமுகத் தொழிலாளர் பெருந்தொகையாக வெளியேறியமையாற் கப்பல்களில் வேலை முடங்கியது. ஏப்ரல் 9இல் திருகோணமலை தாக்கப்பட்டது. ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கியது. அத்துடன் நகுமோவின் கடற்படை திரும்பிச் சென்றது. மீண்டும் அது இப்பக்கம் வரவேயில்லை.

இங்கேதான் ஆராய்வுக்குரிய விடயம் தொடங்குகின்றது. ஆபத்து ஏப்ரலில் வந்து ஏப்ரலிலேயே நீங்கிற்று. நிலம் எடுத்தலோ அதன்பின்னரே முழு வேகம் கொண்டது.

கொக்கலையை முதலில் நோக்கலாம். காலிக்கு அண்மையில், கடலுக்கும் களப்புக்கும் இடையே அமைந்த ஊர் அது. அலையற்ற பரந்த நீர்ப்பரப்பு நீர்விமானம் இறங்குவதற்கு மிக உகந்தது. ஆயினும் நீர் மட்டும் போதாதே. பழுதுபார்க்கும் இறங்குதளம், எண்ணெய்க் களஞ்சியம், படையினர் குடியிருப்பு, பின்னர் தரைவிமானங்களுக்கான ஓடுபாதை என ஒவ்வொன்றுக்கும் கரைநிலம் வேண்டியிருந்தது. குறுகிய அவகாசத்தில் ஊர் முழுவதும் வெளியேற்றப்பட்டது. வீடுகளும் தோட்டங்களும் அழிக்கப்பட்டன. சிங்கள இலக்கியத்தின் முன்னோடியான மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்து வளர்ந்த ஊர் இதுவே. அவருடைய பரம்பரை வீடு ஒரு விமானப்படை அதிகாரியின் இருப்பிடமாகப் பயன்பட்டமையால் இடிபடாது தப்பிற்று. அவர்தம் நாவல்களிற் காணப்படும் தென்கரைக் கிராம வாழ்வு, அவரது சொந்த ஊரைப் பொறுத்தமட்டில், பின்னர் எழுத்தில் மட்டுமே எஞ்சியது. பேர்ச்சலின் பெயர் உலகப் புகழ் பெற்றது. அவர் புறப்பட்ட களப்பின் கரையிலிருந்து பெயர்ந்தவர்களின் பெயர்களைக் கூறும் போர் நூல்கள் அரிது.

கொக்கலைக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அறுந்துபோன அவுஸ்திரேலிய வான்வழி மீண்டும் இணைக்கப்பட்டது இங்குதான். 1943ஆம் ஆண்டு நடுப்பகுதியிலிருந்து 1945 யூலை வரை, குவான்ராஸ் நிறுவனத்தின் ஐந்து கற்றலீனாக்கள் பேர்த் நகரின் அன்னநதியிலிருந்து கொக்கலை வரை ஏறத்தாழ 3,500 மைல் தூரத்தை எங்குந் தங்காது கடந்தன. பயணம் 27 மணி முதல் 33 மணி வரை நீடித்தது. வழியிற் கதிரவன் இருமுறை உதிப்பதைக் காணலாமாதலால் பயணிகளுக்கு ‘இரட்டை உதய இரகசியக் கழகம்’ என்ற பெயரிற் சான்றிதழ் வழங்கப்பட்டது. எரிபொருளின் பாரம் காரணமாக ஒரு பயணத்தில் மூவருக்கே இடமிருந்தது. யப்பானியர் கேட்டுவிடுவர் என்பதால் வானொலி மௌனம் காக்கப்பட்டது. வழிகாட்டியவை விண்மீன்களே. விமானங்களுக்கும் விண்மீன்களின் பெயர்களே இடப்பட்டன. அவற்றுள் மூன்று நம் பஞ்சாங்கத்துக்கு அந்நியமானவையல்ல: அல்ரெயர் நம்முடைய திருவோணம், அன்ராறிஸ் கேட்டை, ஸ்பைக்கா சித்திரை. மற்றவை வேகா, றைஜல் என்பன. 271 தடவை இவ்வழி கடக்கப்பட்டது. ஒரு விமானமேனும் இழக்கப்படவில்லை. போர் முடிந்ததும், அமெரிக்காவிடமிருந்து இரவலாகப் பெற்ற ஒப்பந்தத்தின் நிபந்தனைப்படி, அவை அவுஸ்திரேலியக் கடலில் மூழ்கடிக்கப்பட்டன.

1943 இறுதியில் இச்சேவை கராச்சி வரை நீட்டப்பட்டது. கராச்சிக்கு மேற்கே மற்றொரு தளத்தொடர் இருந்தது. ஆபிரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு வரும் போர்விமானங்களுக்காகத் தென் அராபியக் கரை நெடுகிலும், ஏடன் தொடங்கி ஹத்ரமௌத்தின் றியான், தோபார்ப் பகுதியின் சலாலா, ஓமான் கரைக்கப்பாலுள்ள மசிராத் தீவு என இறங்குதளங்கள் அமைக்கப்பட்டன. அமெரிக்கப் போக்குவரத்து விமானங்களும் கார்ட்டூமிலிருந்து கராச்சி செல்ல இவ்வழியையே பயன்படுத்தின. அங்கு துறைமுகமும் வீதியும் இல்லை. பொருள்கள் கடல்வழியே வந்து படகுகளிற் கரைசேரவேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அதுவும் அரிது. அராபியக் கரையிற் பொறியியலாளரை வருத்தியது நீரும் நிழலும் இன்மை. ஈழத்திலோ நீரும் நிழலும் நிறைந்த நிலங்களிலெல்லாம் ஏற்கெனவே மக்கள் இருந்தனர். இரு கரைகளுக்கும் பொதுவான அம்சம் யாதெனின், தற்காலிகமெனக் கூறி அமைக்கப்பட்டவை தற்காலிகமாக இருக்கவில்லை என்பதே. மசிராவிலும் சலாலாவிலும் பிரித்தானிய விமானப்படை 1977 வரை தங்கியிருந்தது.

இலங்கையின் உட்பகுதியில் மின்னேரியா, சிகிரியா, வவுனியா, தம்புள்ளை ஆகிய இடங்களிலும், கரையோரமாகப் புத்தளம், கட்டுக்குருந்தை, நீர்கொழும்பு, காங்கேசன்துறை ஆகிய இடங்களிலும் தளங்கள் எழுந்தன. உலர்வலயத்துத் தளங்களில் வேலைசெய்தோரைப் பகைவர் குண்டைவிட மலேரியாவே அதிகம் அச்சுறுத்தியது. காடுவெட்டி, நிலம் மட்டஞ்செய்து, கப்பி பரப்பி, உருளையால் இறுக்கும் வேலையில் இயந்திரங்களைவிடக் கூடை சுமந்த தலைகளே அதிகமாக ஈடுபட்டன. புத்தளத்தில் மழைக்காலச் சேற்றிற் புதைந்த விமானங்களை இழுப்பதற்கு யானைகள் பயன்படுத்தப்பட்டன. வானூர்தியும் வேழமும் ஒரே கயிற்றில் இணைந்த அக்காட்சியைப் போர்க்காலப் புகைப்படங்களில் இன்றும் காணலாம்.

பெயர்கள் பற்றி ஒரு குறிப்பு. கடற்படை தன் விமானத்தளங்களுக்குப் பறவைகளின் பெயரிடும் மரபினது. கொழும்புப் பந்தயத்திடல் 1943இல் கடற்படையின் பொறுப்பில் வந்தபோது ‘பேருண்டா’ எனப் பெயர் பெற்றது. இருதலைப் புள்ளாகிய கண்டபேரண்டமே அது. கட்டுக்குருந்தைக்கும் புத்தளத்துக்கும் முறையே ‘உகுஸ்ஸா’, ‘ராஜாலியா’ என்னும் சிங்களப் பெயர்கள் வழங்கின. தாம்பரத்துத் தளம் ‘வல்லூறு’. சூலூர்த் தளம் ‘வைரி’. கொச்சித் தளம் ‘கழுகு’. கோயம்புத்தூர்த் தளம் ‘கருடா’. பிரித்தானியக் கடற்படையின் பட்டியலில் நல்ல தமிழ்ச் சொற்கள் சில இவ்வாறு இடம்பெற்றன. இதற்காக மகிழ்வதா நகைப்பதா என்பது வாசகர் விருப்பம்.

1944 அளவில் இத்தளங்களின் நோக்கமே மாறிவிட்டது. காப்பதற்கென அமைந்தவை தாக்குவதற்குப் பயன்பட்டன. அவ்வாண்டு ஓகஸ்ட் 10ஆந் திகதி சீனன்குடாவிலிருந்து 50க்கு மேற்பட்ட அமெரிக்கப் பி-29 விமானங்கள் சுமாத்திராவின் பலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தைத் தாக்கச் சென்றன. போய்வந்த தூரம் ஏறக்குறைய 4,000 மைல். 160ஆவது பிரிவின் லிபரேற்றர் விமானங்கள் சிகிரியாவிலிருந்து காங்கேசன்துறைக்கும், பின்னர் மின்னேரியாவுக்கும் மாறி, சுமாத்திரா முதல் சிங்கப்பூர் வரை கண்ணிவெடிகளைக் கடலில் விதைத்தன.

காங்கேசன்துறைத் தளம் எனப் படையேடுகளிற் குறிக்கப்படுவது உண்மையிற் பலாலியிலேயே அமைந்தது. வலிகாமம் வடக்கின் செம்மண் குடாநாட்டில் மிகச் சிறந்த தோட்ட நிலமாகும். கிணற்று நீர்ப்பாய்ச்சலால் ஆண்டு முழுவதும் பயன்தரும் அந்நிலத்தின் ஒவ்வொரு பரப்பும் ஒரு குடும்பத்தின் வாழ்வாதாரம். கனத்த லிபரேற்றர்கள் இறங்கத்தக்க ஓடுபாதைக்கு அத்தகைய நிலமே எடுக்கப்பட்டது. நிலஞ்சார்ந்த சமூகமொன்றில் காணி என்பது வெறும் விலைப்பொருளன்று; சீதனமும் முதுசமும் கோயிலும் அதனோடு பிணைந்தவை. நட்டஈடு என்னும் சொல் இவற்றுள் எதனையும் அளவிடாது.

போருக்குப்பின் இத்தளங்கள் அடைந்த கதியை ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். கொழும்புத் திடல் மீண்டும் பந்தயக் கழகத்திடம் சென்றது. குதிரைகள் மீண்டும் ஓடின. 1950களில் குதிரைப் பந்தயம் ஒழிந்தது. 1960களில் மாணவர் தொகை பெருகியபோது அதன் பார்வையாளர் மண்டபம் விரிவுரைகளுக்குப் பயன்பட்டது. திடலின் ஒரு பகுதியில் தேசிய சுவடிகள் திணைக்களம் அமைந்தது. மண்டபம் பின்னர் புதுப்பிக்கப்பட்டு விளையாட்டரங்காகவும் கடைத்தொகுதியாகவும் மாறியது. வசதிபடைத்தோரின் விளையாட்டு நிலம் போர் முடிந்ததும் உரியவரிடம் திரும்பியது. கொக்கலையின் விதி அவ்வாறன்று. ஓடுபாதை விமானப்படைக்குரியதாகவே நீடித்தது. 1991இல் அவ்வூரிற் சுதந்திர வர்த்தக வலயம் தோன்றியது. எஞ்சிய அந்த ஒரு வீடு நூதனசாலையாக நிற்கின்றது. நீர்கொழும்புத் தளம் கட்டுநாயக்கா என்னும் பெயருடன் 1957 நவம்பர் முதலாந் திகதி பிரித்தானியரிடமிருந்து பெறப்பட்டு, 1967இற் சர்வதேச விமான நிலையமாயிற்று.

பலாலியின் கதை இவற்றினும் நீண்டது. 1947 டிசம்பர் 10ஆந் திகதி எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டுக் காங்கேசன்துறையில் இறங்கிச் சென்னை சென்றது. சுதந்திரத்துக்கு இரு மாதங்களுக்கு முன்னர் நிகழ்ந்த இந்த இறக்கம், போருக்கெனப் பறிபோன நிலம் மக்களுக்கே பயன்படும் என்ற நம்பிக்கையை அளித்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தவர் பல ஆண்டுகள் அவ்வழியே கொழும்புக்கும் தமிழகத்துக்கும் பறந்தனர். 1980களில் தளம் மீண்டும் படையினருடையதாயிற்று. 1990இல் பலாலி, வசாவிளான், மயிலிட்டி முதலாய ஊர்களின் மக்கள் இடம்பெயர்ந்தனர். ஓடுபாதையைச் சூழ்ந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயமாகப் பல மைல் பரந்தது. 1940களில் எடுக்கப்பட்ட நிலம் இதனோடு ஒப்பிடுகையிற் சிறிதே. ஆயினும் அச்சிறு நிலம் இராவிடின் இப்பெருவலயத்துக்கு அங்கே மையமும் இருந்திராது.

2009இற் போர் ஓய்ந்தபின் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. 2019 ஒக்டோபர் 17இல் பலாலி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்துவைக்கப்பட்டது. அடுத்த மாதம் சென்னைச் சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடர்ந்தது. விடுவிக்கப்பட்ட காணிகளுக்குத் திரும்பியோர், பற்றை மூடிய கிணறுகளையும் இடிந்த சுவர்களையும் அடையாளமாகக் கொண்டு தத்தம் எல்லைகளைத் தேடினர். ஓடுபாதைக்குள் அகப்பட்ட காணிகளின் எல்லைகளோ உறுதிகளில் மாத்திரமே உள்ளன.